மூன்று கடிகாரங்கள், ஒரு லூப்: வாங்கும் முன் பார்த்தவையும் பார்க்கத் தவறியதும்

விற்பனையாளர் கொண்டுவந்து வைத்த கருப்பு வெல்வெட் தட்டில் மூன்று கைக்கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் ஒரே மாடல், ஒரே விலை; வரிசை எண் மட்டும்தான் வேறு. ஒரே மாடலில் இருப்பில் உள்ள அனைத்தையும் ஒருசேர எடுத்துக் காட்ட வேண்டும் என்று முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டிருந்ததால்தான் இது வாய்த்தது. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கண்ணில் படுவது அந்தக் கடிகாரத்தின் குறையா, அந்த மாடலே அப்படித்தானா என்று பிரித்துச் சொல்வது கடினம். பக்கத்தில் இரண்டாவது ஒன்று வந்துவிட்டால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வாங்கப்போகிறவர் என் தாய்மாமா. அவருடைய மணிவிழாவுக்கு மகள்கள் இருவரும் சேர்ந்து ஒரு சுவிஸ் கடிகாரம் வாங்கித் தருவதென்று முடிவு செய்திருந்தார்கள். பார்த்து எடுத்துத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கடிகாரத் தொழிலில் இருப்பவன் அல்லன். பழைய எச்எம்டி கடிகாரங்களைப் பிரித்துத் துடைத்து மறுபடி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன், அவ்வளவுதான். வாங்கவிருந்தது 41 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு டைவர் கடிகாரம்; தானாகச் சாவி ஏறும் இயந்திரம், ஓட்டத் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று, கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் செராமிக் பெசல் வளையம், மூன்று மணி இடத்தில் தேதி, 300 மீட்டர் நீர்த்தாங்குதிறன். விலை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். நிறுவனத்தின் பெயரையும் சென்னையில் உள்ள அந்தக் கடையின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. இதே வகைக் குறைகளை வேறு நிறுவனங்களின் கடிகாரங்களிலும் கண்டிருக்கிறேன்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அன்றைய ஆய்வின் பாதி அவருடையது. திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர் அவர். கல்லில் ஒரு புள்ளி தென்பட்டால் அந்தப் பட்டறையில் முதலில் கேட்கும் கேள்வி, அது பிறவிக் குறையா, கைக் குறையா என்பதாம். கல் உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது பிறவிக் குறை. பட்டை தீட்டும்போதோ பொட்டலம் கட்டும்போதோ நேர்ந்தது கைக் குறை. யார் பொறுப்பு, திருத்த முடியுமா, விலையில் எவ்வளவு தள்ளுவது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்தே அமையும். இந்தப் பிரிவினை கடிகாரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதை அன்று கடையில்தான் உணர்ந்தேன். தொழிற்சாலையிலிருந்தே வந்த குறைகளையும், பெட்டி திறந்த பிறகு மனிதக் கைகளால் வந்த குறைகளையும் வெவ்வேறு விதமாகத் தேட வேண்டும். வெவ்வேறு நேரத்திலும் தேட வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பது பின்னால் வரும்.

நான் கொண்டுபோனவை நான்கு மடங்கு பெரிதாக்கும் ஐகிளாஸ் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணோடு வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) ஒன்று, சிறிய புறஊதா டார்ச், விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு திசைகாட்டி, ஒரு வெள்ளைத் தாள், அத்துடன் வெய்ஷி 1000 என்ற சீனத் தயாரிப்பான டைம்கிராஃபர். கடைசியாகச் சொன்னதைக் கண்டு மேலாளர் சற்றுத் தயங்கினார். அது கடிகாரத்தைத் திறக்காமல் அதன் டிக் ஒலியை மட்டும் கேட்டு ஓட்டத்தைக் கணக்கிடும் கருவி என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். எந்தக் கடிகாரத்தைப் பரிசோதித்தாலும் தம் ஊழியர் ஒருவர் உடனிருப்பார் என்று நிபந்தனை போட்டார். நியாயமான நிபந்தனை. ஐந்து லட்ச ரூபாய்ப் பொருளைக் கண்ணுக்கு முன்னால் யாரோ திருகிக்கொண்டிருந்தால் எந்தக் கடைக்காரருக்கும் மனம் பதைக்கத்தான் செய்யும்.

முதல் வேலை, கடிகாரங்களைக் காட்சி விளக்குகளுக்கு அடியிலிருந்து நகர்த்தியது. கடைகளில் கூரையில் பதித்திருக்கும் சிறு விளக்குகள் எஃகில் நூறு மினுக்குகளை எழுப்பும். அந்த மினுக்கில் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும், டயலில் உள்ள தூசியோ ஒளிப்புள்ளிகளோடு கலந்துவிடும். வாசல் பக்கம் கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு மேசை இருந்தது. காலை பதினொரு மணி வெளிச்சம் நேரடி வெயிலாக இல்லாமல் பரவலாக விழுந்தது. வெள்ளைத் தாளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, அதன் நிழலற்ற வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் வெறுங்கண்ணால், கை நீளத்தில் பிடித்து. பிறகு நான்கு மடங்கில். கடைசியாகத்தான் பத்து மடங்கில். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. வைரத்தின் தூய்மையைப் பத்து மடங்கில் பார்ப்பது உலக வழக்கம் என்பது உண்மையே. ஆனால் கடிகாரம் என்பது பெயிண்ட், பசை, திருகு, எண்ணெய் எல்லாம் சேர்ந்த பண்டம்; எடுத்த எடுப்பிலேயே பத்து மடங்கில் பார்த்தால் உலகில் எந்தக் கடிகாரமும் தேறாது.

முதல் கடிகாரத்தில் குறை வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பெசலின் உச்சியில் இருக்கும் முக்கோணத்தின் நடுவே ஒளிரும் முத்து ஒன்று பதிந்திருக்கும். அது டயலின் பன்னிரண்டு மணிக் குறிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இதில் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றது. நான் சொன்னதும் விற்பனையாளர், "அது ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே பெசலைக் கட்டைவிரலால் இடப்பக்கம் லேசாக அழுத்திக் காட்டினார். முத்து நேராக வந்து நின்றது. அவர் கையை எடுத்தார். அது பழைய இடத்துக்கே திரும்பியது.

இந்தப் பெசல் ஒரு திசையில் மட்டும் 120 கிளிக்குகளாகச் சுழலக்கூடியது. அதாவது கிளிக் ஒன்றுக்கு மூன்று பாகை. அடியில் உள்ள பல்லும் சுருளும் பெசலை ஒவ்வொரு கிளிக்கிலும் ஓரிடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. இரு கிளிக்குகளுக்கு இடையில் விரலால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் காட்டலாம், விட்டால் நிற்காது. ஆகவே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி உச்சிக்குக் கொண்டுவந்து, கையை எடுத்துவிட்ட பிறகு எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. என் மதிப்பில் அது கிளிக்கின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு பாகை விலகியிருந்தது. மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். சொல்லும்போது அற்பமாகத் தோன்றும் அளவுதான். ஆனால் இரண்டு கோடுகள் நேர்க்கோட்டில் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதில் மனிதக் கண் மிகவும் கெட்டிக்காரக் கண். ஒருமுறை பார்த்துவிட்டால் அதன் பிறகு மணி பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடிகாரத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் பெசலும் டயலும் விலகியதுபோலத் தோன்றும், ஏனெனில் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒற்றைக் கண்ணால், செங்குத்தாக மேலிருந்து பார்க்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துச் சரிபார்ப்பதானால் மிக நெருக்கத்தில் எடுக்கக் கூடாது. ஓரடி தள்ளி நின்று பெரிதாக்கி எடுக்க வேண்டும். இல்லாத விலகலை லென்ஸே உண்டாக்கிவிடும். நான் மூன்று கடிகாரங்களையும் ஒரே தொலைவில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் நேராக நின்றன. ஆகவே இது மாடலின் இயல்பு அல்ல. முதல் கடிகாரத்தின் பிறவிக் குறை.

இதைச் சேவை மையத்தில் சரிசெய்து தருவதாக மேலாளர் சொன்னார். செய்ய முடியாதது அல்ல. ஆனால் பொருத்திய செராமிக் வளையத்தைப் பெயர்த்தெடுத்து மறுபடி பொருத்த வேண்டும். செராமிக் கீறலுக்கு அஞ்சாதே தவிர நெம்பினால் சில்லாகத் தெறிக்கும் பொருள். புதுக் கடிகாரத்தை வாங்கிய கையோடு அறுவை மேசைக்கு அனுப்புவதில் எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது கடிகாரத்தில் நான் கண்டது ஒரு இழை. நான்கு மணிக் குறிக்கும் ஐந்து மணிக் குறிக்கும் இடையே, அரை மில்லிமீட்டர் நீளத்துக்கு, வளைந்த வெண்ணிற நூல்போலக் கிடந்தது. விற்பனையாளர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார், போகவில்லை. மறுபடி துடைத்தார். இழை கண்ணாடியின் மேல் இருக்கிறதா, உள்ளே டயலில் கிடக்கிறதா என்பதற்குத் துடைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. லூப்பைக் கண்ணோடு வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் மெல்ல அசைத்தால், கண்ணாடியின் மேல் உள்ள தூசி டயலின் எழுத்துகளைக் கடந்து நகரும். டயலில் கிடக்கும் தூசி எழுத்துகளோடு ஒட்டி நிற்கும். இது ஒட்டி நின்றது. போதாததற்கு அதன் நிழலும் அதை ஒட்டியே டயலில் விழுந்தது.

உள்ளே கிடக்கும் இழை வெறும் அழகுக் குறை என்று சொல்லிவிட முடியாது. கை அசைவில் அது இடம் மாறும். இன்று நான்கு மணியில் கிடப்பது அடுத்த மாதம் முட்களின் அச்சில் சிக்கலாம், தேதிச் சாளரத்தின் வழியே கீழே இறங்கலாம். அது நடக்காமலே போகவும் கூடும். ஆயினும் தூசி வடிகட்டிய அறையில், விரலுறை போட்டுக்கொண்டு கோக்கப்படும் பொருள் என்று விளம்பரத்தில் காட்டி அந்த விலை கேட்கும்போது, கண்ணாடிக்கு அடியில் துணி நூல் இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இழையைக் கண்டுபிடித்த திருப்தியில் நான் அந்தக் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டேன். மாமா எடுத்துக் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, ஏழாம் நம்பர் கட்டைல ஒரு பட்டை செத்துப்போயிருக்கு" என்றார். டயலில் ஒட்டப்பட்ட மணிக்குறிகள் ஒவ்வொன்றும் வைர முனையால் சீவிய பல முகங்கள் கொண்ட சிறு உலோகத் துண்டுகள். சாய்க்கும்போது பதினொன்றும் ஒரே கோணத்தில் பளிச்சிட்டு அணைந்தன. ஏழாவதன் இடப்பக்க முகம் மட்டும் பளிச்சிடாமல் மங்கலாகவே இருந்தது. பத்து மடங்கில் பார்த்தபோது அந்த முகத்தில் ஊசிமுனையால் தேய்த்ததுபோன்ற நுண்கோடுகள் தெரிந்தன. ஒளியை ஒரே இடத்தில் நிறுத்திப் பொருளை அசைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் கல் பார்க்கிறவர்களுக்கு உரியது. நான் பொருளை நிறுத்தி லூப்பை அசைத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. இன்றுவரை நான் டயல் பார்க்கும் முறையை அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிட்டது.

அப்போதுதான் பேச்சுவாக்கில் கண்ணாடியைப் பற்றியும் சொன்னார். கடிகாரத்தின் சஃபையர் கண்ணாடியும் அவர் பட்டறையில் உருண்ட செயற்கைக் கெம்பும் ஒரே குடும்பம். இரண்டும் குருந்தக் கல். பிரெஞ்சு வேதியியலர் ஒகுஸ்த் வெர்னுவி 1902இல் அறிவித்த தீச்சுடர் முறையில் கெம்பு செய்யத் தொடங்கியதிலிருந்துதான் கடிகார இயந்திரத்துக்குள் இருக்கும் சிவப்புக் கற்கள்கூட மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. மோஸ் அளவில் கடினம் ஒன்பது என்பதால் சஃபையரில் எளிதில் கீறல் விழாது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.77, சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி எறிந்தால் சஃபையர் எட்டுப் பங்கை எறியும். அதை அடக்கவே எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு வெளிப்புறத்திலும் இருக்கும் மாடல்களில் சஃபையர் கீறாமல் பூச்சு மட்டும் கீறியிருக்கும்; நேராகப் பார்த்தால் தெரியாது, நீலச்சாயல் வரும்வரை சாய்த்தால் அந்தச் சாயலின் நடுவே வெள்ளைக் கோடாகத் தெரியும். நாங்கள் பார்த்த மூன்றிலும் அப்படி எதுவும் இல்லை.

மூன்றாவது கடிகாரத்தில் பெசல் நேராக இருந்தது, டயல் சுத்தமாக இருந்தது. மணிக்குறிகள் பன்னிரண்டும் மாமாவின் சாய்ப்புச் சோதனையில் தேறின. பத்து மடங்கில், நிறுவனப் பெயரின் ஓர் எழுத்தின் கால் நுனியில் மை துளி அளவு தடித்திருந்தது. நான்கு மடங்கிலேயே அது காணாமல் போய்விட்டதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தேதியை ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை மாற்றிப் பார்த்தோம். ஒன்றிரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது போதாது, ஏனெனில் தேதி எண்கள் அச்சிட்ட தட்டு சற்றே மையம் விலகியிருந்தால் மாதத்தின் ஒரு பாதியில் எண் நடுவிலும் மறுபாதியில் ஓரத்திலும் நிற்கும். தேதியை விரைவாக மாற்றும் முன் முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டோம். பல இயந்திரங்களில் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்றுவரை தேதிப் பல்சக்கரம் ஈடுபட்டிருக்கும், அந்நேரத்தில் பக்கவாட்டுச் சாவிக் குமிழான கிரவுனைத் திருகி மாற்றினால் பல் உடையக்கூடும். இதை விற்பனையாளரே மறந்து கிரவுனைப் பிடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரியாக ஆறு மணிக்கு இரு முட்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, பன்னிரண்டில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்தோம். நிமிட முள்ளில் பல்சக்கர இடைவெளியால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். குறியைச் சற்றுத் தாண்டவிட்டு மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த ஆட்டம் அடங்கும். கிரவுன் திருகு முதல் சுற்றிலேயே சிக்காமல் பிடித்தது. புறஊதா டார்ச்சை ஐந்து நொடி காட்டிவிட்டு உள்ளங்கைகளைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்தபோது முட்களும் குறிகளும் ஒரே பச்சையில் ஒளிர்ந்தன.

அடுத்தது ஓட்டம். நின்றுபோன கடிகாரத்தை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கி அளப்பதில் பொருளில்லை. மூன்றுக்கும் கிரவுனைத் திருகி நாற்பது சுற்று சாவி கொடுத்துவிட்டு, காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பிறகு ஒவ்வொன்றையும் ஐந்து நிலைகளில், நிலைக்கு இரண்டு நிமிடம் வீதம் கருவியில் வைத்தேன். மூன்றாவது கடிகாரம் டயல் மேல்நோக்கி நாளொன்றுக்கு +3 நொடி, கீழ்நோக்கி +5, கிரவுன் இடப்பக்கம் +1, மேல்பக்கம் −2, கீழ்ப்பக்கம் +2 என்று காட்டியது. சராசரி +1.8. இயந்திரத்துக்குள் முன்னும் பின்னும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு படுத்த நிலையில் 292 பாகை, நின்ற நிலையில் 265. டிக்கும் டாக்கும் சமமாக விழுகின்றனவா என்று காட்டும் பீட் எரர் 0.1 மில்லிநொடி. புதுக் கடிகாரத்துக்கு இவை நல்ல எண்கள்.

வீச்சைப் பற்றி ஒரு குறிப்பு. கருவிக்கு லிஃப்ட் ஆங்கிள் என்னும் ஓர் எண்ணை நாம் ஊட்ட வேண்டும். அது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 52 என்று ஊட்ட வேண்டிய இடத்தில் 49 என்று ஊட்டினால், 292 காட்ட வேண்டிய வீச்சு 275 ஆகிவிடும், நல்ல கடிகாரத்தை நோயாளி என்று நினைத்துத் திரும்பிவிடுவோம். ஓட்டத்தின் எண்ணை இது பாதிக்காது என்பது ஆறுதல்.

குரோனோமீட்டர் சான்றை மேலாளர் பெருமையுடன் எடுத்துக் காட்டினார். 1973இல் நிறுவப்பட்ட சுவிஸ் அமைப்பான சிஓஎஸ்சி, ஐஎஸ்ஓ 3159 தரத்தின்படி, இயந்திரத்தை 15 நாட்கள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 பாகை செல்சியஸ் என்ற மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறது. சராசரி ஓட்டம் நாளொன்றுக்கு −4 நொடிக்கும் +6 நொடிக்கும் இடையில் இருக்க வேண்டும். மதிப்புக்குரிய சோதனைதான். ஆனால் சோதிக்கப்படுவது கேஸ் எனும் வெளிக்கூட்டுக்குள் ஏறாத வெறும் இயந்திரம். அதன் பிறகு முட்கள் மாட்டி, கை அசைவில் சாவி ஏற்றும் ரோட்டர் மாட்டி, கேசில் இறக்கி, கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி, கடை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்து நம் கைக்கு வருகிறது. ரோலெக்ஸ் கேசில் ஏற்றிய பிறகு மறுபடி சோதித்து −2/+2 என்று சொல்வதும், ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் கடிகாரங்கள் சுவிஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சோதனையில் 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கி 0/+5க்குள் நிற்க வேண்டும் என்பதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். நாங்கள் வாங்கவிருந்ததற்கு அத்தகைய இரண்டாவது சோதனை கிடையாது. அதனால்தான் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சுவையான விஷயம் என்னவென்றால், மூன்றிலும் மிகச் சிறப்பாக ஓடியது பெசல் கோணிய முதல் கடிகாரம். ஐந்து நிலைகளுக்கும் இடையே வேறுபாடு வெறும் நான்கு நொடி. இழை கிடந்த இரண்டாவது +14 காட்டியது. காந்தம் ஏறியிருக்குமோ என்று திசைகாட்டியை அருகில் கொண்டுபோனேன். ஊசி அசைந்து கடிகாரத்தைப் பின்தொடர்ந்தது, மற்ற இரண்டிலும் அசையவில்லை. அலமாரியில் காந்தப் பூட்டு உள்ள பெட்டிக்கு அருகில் இருந்திருக்கலாம். இதுவும் கைக் குறைதான். காந்தநீக்கி வைத்திருக்கும் எந்தப் பழுதுபார்ப்பவரும் சில நொடிகளில் போக்கிவிடுவார்.

ஆகவே முடிவு இப்படி அமைந்தது. ஓட்டம் திருத்தக்கூடியது, உத்தரவாத காலத்தில் ஒருமுறை சேவை மையத்துக்குக் கொடுத்தால் நாலு நொடியை ஒன்றாக்கித் தருவார்கள். முகம் அப்படியல்ல. முதல் கடிகாரத்தின் ஓட்டம் எவ்வளவு ஆசைகாட்டினாலும் அதை விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தோம். மாமாவுக்கு இதில் ஐயமே இருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

காகித வேலை விரைவில் முடிந்தது. பின்மூடியில் உள்ள வரிசை எண்ணும் உத்தரவாத அட்டையின் எண்ணும் ஒன்றாக இருந்தன. அட்டை அன்றைய தேதியிட்டு எங்கள் கண் முன்னால் பதிவு செய்யப்பட்டது. பழைய தேதியில் பதிவான அட்டை என்றால் அது ஏற்கெனவே ஒருவரிடம் போய்வந்த கடிகாரம் என்று கொள்ளலாம். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் பான் எண் கேட்டார்கள். பணம் வங்கி வழியாகப் போனது. பத்து லட்சத்தைத் தாண்டிய கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் பிடிக்கப்படும் ஒரு விழுக்காடு வரி எங்கள் விலைக்குப் பொருந்தவில்லை.

பணம் போன பிறகுதான் செயினை மாமாவின் மணிக்கட்டுக்கு அளவெடுத்தார்கள். இரண்டு கண்ணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. ஊழியர் கடிகாரத்தை உள்ளே எடுத்துச் சென்று கால் மணி நேரத்தில் திரும்பினார். மாமா அணிந்து பார்த்தார், நன்றாக இருந்தது, எல்லோரும் கைகுலுக்கினோம். கழற்றிய கண்ணிகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். லூப் ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா அழைத்தார். கொக்கியை ஒட்டிய மூன்றாவது கண்ணியின் விளிம்பில், திருகுத் தலைக்குப் பக்கத்திலிருந்து சாய்வாக, மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல். திருப்புளி வழுக்கியிருக்கிறது. இத்தகைய திருகுகள் தளராமலிருக்கப் பசை போட்டிருப்பார்கள். சூடு காட்டி இளக்காமல் பலத்தால் திருக முயன்றால் முனை பள்ளத்திலிருந்து எகிறி, மெருகிட்ட பரப்பில் இழுத்துக்கொண்டு போகும். ஒன்றரை மணி நேரம் மயிரிழைகளைத் தேடிய நான், கடிகாரத்தின் மீது உண்மையில் ஓர் ஆயுதம் பிரயோகிக்கப்பட்ட அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டேன்.

கடைக்குப் போனபோது மேலாளரின் பதில் எதிர்பார்த்ததுதான்: பொருளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டதாக ரசீதில் கையெழுத்து இருக்கிறது, வீட்டில் எங்கேனும் பட்டிருக்கலாம். நான் முந்தின நாள் எடுத்த படங்களைப் புரட்டினேன். பெசலையும் டயலையும் எடுத்தவை நாற்பதுக்கு மேல் இருந்தன. செயினின் பக்கவாட்டை ஒருமுறைகூடக் குறிவைத்து எடுக்கவில்லை. ஆனால் டைம்கிராஃபரில் கிரவுன் மேல்நோக்கி வைத்திருந்தபோது திரையின் எண்களைப் பதிவுசெய்ய எடுத்த படம் ஒன்றில், முன்னால் தொங்கிய செயினின் அதே விளிம்பு, அதே கண்ணி, தெளிவாகக் கீறலின்றித் தெரிந்தது. படத்தின் நேரம் பணம் செலுத்துவதற்கு இருபது நிமிடம் முந்தையது. வீட்டில் நேர்ந்ததல்ல என்பதை அது நிரூபித்துவிடாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்ததல்ல என்பதையும், கீறல் திருகுத் தலையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது மேலாளர் மேற்கொண்டு வாதாடவில்லை. புதிய கண்ணி வரவழைத்து மாற்றித் தருவதாக மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கண்ணி மணிவிழா முடிந்து பதினோரு நாள் கழித்து வந்தது.

கண்ணியை மாற்றப் போன அன்று நான் ஊழியரின் வேலை மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். திருகைச் சுற்றி டேப் ஒட்டச் சொன்னேன். சிறிய சூடேற்றியை எடுத்துவரச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் செய்தார். முடிந்ததும் செயினின் இரு விளிம்புகளையும் கண்ணாடிச் சுவர் ஓரம் கொண்டுபோய், முதலில் வெறுங்கண்ணால், பிறகு நான்கு மடங்கில் பார்த்து, அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் எழுந்தபோது பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் அதே மாடலைக் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்து நேராக இல்லையே என்று அவரும் கேட்டார் போலும்; விற்பனையாளர் பெசலைக் கட்டைவிரலால் இடப்பக்கம் அழுத்திப் பிடித்தபடி, "இப்பப் பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஒரு நிமிடம் நின்றார்.

"தம்பி, அவர் கையை எடுத்ததுக்கு அப்புறம் பாருங்க."